மாலரின் அடாஜியெட்டோ: 8 நிமிடமா, 14 நிமிடமா?

இரவு வானொலி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் நான்காவதாக வரும் மெதுவான பகுதியான அடாஜியெட்டோவைப் பல ஆண்டுகளாக ஒரே ஒரு ஒலிப்பதிவில்தான் கேட்டு வந்தேன். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு நடத்துநர் கராயான் 1973இல் பதிவு செய்தது அது. ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஓடும். என் தந்தை மறைந்த நாட்களில் இரவெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதால், அந்த இசை எனக்குத் துக்கத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர், நடத்துநர் புரூனோ வால்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 1938இல் பதிவு செய்ததைக் கேட்கக் கொடுத்தார். அது 8 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அவசரமாக வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் நெருங்கி அமர்ந்து பாடுவதைப் போல இருந்ததே தவிர, நான் அறிந்த துக்கம் அதில் எங்குமே இல்லை. சுரங்கள் அவையேதான், இசைக்கருவிகளும் அவையேதான். ஆனாலும் அது வேறொரு இசையாக இருந்தது. மெதுவாக வாசிப்பவர்கள் மாலரைத் திரித்துவிட்டார்கள் என்கிறார் நண்பர். கராயானைப் போற்றும் இன்னொருவரோ, 8 நிமிடத்தில் வாசித்தால் அந்த இசைக்கு மூச்சே இருக்காது என்கிறார். மாலரின் விருப்பம் என்னவென்று அறிய வழி இருக்கிறதா? இத்தனை காலம் நான் கேட்டது பிழையான வாசிப்பா?

பழைய இசைத்தட்டு எழுதுகிறார்:

நண்பருக்கு வணக்கம். மாலர் இந்தப் பகுதிக்கு மெட்ரோனோம் எண், அதாவது நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்ற கணக்கு, எதுவும் குறிக்கவில்லை. இசைப்பிரதியின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் 'மிக மெதுவாக' என்று எழுதியிருக்கிறார். மெதுவாக வாசிப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் சொல் அதுதான். தலைப்பிலோ, மெதுவான இசையைக் குறிக்கும் அடாஜியோ என்ற சொல்லை எழுதாமல் அடாஜியெட்டோ என்று எழுதினார். அது குறுமைப் பெயர். சிறிய அடாஜியோ, அந்த அளவுக்குக் கனமில்லாதது என்று பொருள்படும். உள்ளே போகப் போக 'இழுக்காதீர்கள்', 'உந்திச் செல்லுங்கள்' என்ற வகைக் குறிப்புகளும் வருகின்றன. ஆக, இரு தரப்பினருக்கும் அந்தப் பிரதியிலேயே சான்று கிடைத்துவிடுகிறது.

அதனால் மாலரை நேரில் அறிந்தவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதையே நான் பெரிதும் மதிக்கிறேன். வால்டர் ஹாம்பர்க்கிலும் பின்னர் வியன்னாவிலும் மாலருக்குக் கீழே பணிபுரிந்தவர். ஆம்ஸ்டர்டாம் கொன்செர்ட்கெபௌ குழுவை நடத்திய வில்லெம் மெங்கல்பெர்க் மாலரின் நெருங்கிய நண்பர். 1926இல் அவர் இந்த ஒரு பகுதியை மட்டும் பதிவு செய்தபோது அதற்கு ஏறத்தாழ 7 நிமிடங்களே ஆயின. மாலர் 1907இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்தச் சிம்பொனியை நடத்தியபோதும் அடாஜியெட்டோ 7 நிமிட அளவில் முடிந்ததாகக் குறிப்பு இருக்கிறது.

மெங்கல்பெர்க் தம் இசைப்பிரதியில் எழுதிவைத்த ஒரு செய்தியும் உண்டு. இது மாலர் பின்னாளில் தம் மனைவியான ஆல்மாவுக்குத் தெரிவித்த காதல் என்றும், கடிதத்துக்குப் பதிலாக இதன் கையெழுத்துப் பிரதியை அவர் அனுப்பினார் என்றும், அதைப் புரிந்துகொண்ட ஆல்மா அவரை வரச்சொல்லி எழுதினார் என்றும், இருவருமே தம்மிடம் இதைச் சொன்னார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். மாலரும் ஆல்மாவும் சந்தித்தது 1901 நவம்பரில். மணம் முடித்தது 1902 மார்ச்சில். சிம்பொனி எழுதப்பட்டதும் அந்த இரு ஆண்டுகளில்தான். நீங்கள் வால்டரிடம் கேட்டதாகச் சொல்லும் அந்த நெருக்கம் இந்தச் செய்தியோடு இயல்பாகப் பொருந்துகிறது.

துக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. 1968 ஜூன் மாதம் நியூயார்க் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடியின் இறுதி வழிபாட்டில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இதை நடத்தினார். 1971இல் விஸ்கோந்தியின் 'வெனிஸில் மரணம்' திரைப்படம் இதை உலகமெங்கும் கொண்டுசென்றது. அதன் பிறகு இது பலருக்கு இரங்கல் இசையாகவே அறிமுகமாயிற்று. நடத்துநர் பெர்னார்ட் ஹைட்டிங்க் 1970இல் ஆம்ஸ்டர்டாமில் சுமார் பத்தரை நிமிடங்களில் முடித்ததை, 1988இல் பெர்லினில் 14 நிமிட அளவுக்கு நீட்டினார்.

மேற்கு மாடம் எழுதுகிறார்:

மேலே எழுதிய நண்பரின் அறிவை மதிக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன். மெங்கல்பெர்க்கும் வால்டரும் பதிவு செய்த காலத்தில் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு, நாலரை நிமிடங்களுக்கு மேல் பதிய முடியாது. இரண்டு பக்கங்களுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களை விரைவுபடுத்தியிருக்கலாம் அல்லவா? அடுத்தது, இந்த அடாஜியெட்டோவின் மெட்டு, மாலர் 1901இல் ஜெர்மன் கவிஞர் ரூக்கெர்ட்டின் கவிதைக்கு இசையமைத்த 'உலகத்துக்கு நான் தொலைந்துபோனேன்' என்ற பாடலுக்கு மிக நெருங்கியது. உலகத்தின் ஆரவாரத்திலிருந்து விலகி, தன் அன்பிலும் தன் பாட்டிலும் தனித்து வாழ்பவனின் பாடல் அது. இசையிலேயே இருக்கும் இந்த உறவு, ஒரு நண்பர் தம் பிரதியில் எழுதிவைத்த குறிப்பைவிட எனக்குப் பெரிய சான்று. உலகை விட்டு விலகி நிற்கும் மனநிலைக்கு நிதானம் தேவை. கேள்வி கேட்ட நண்பர் அந்த இரவுகளில் கேட்டது பிழையான இசை என்று எவரும் சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

பழைய இசைத்தட்டு எழுதுகிறார்:

இசைத்தட்டின் அளவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் வால்டர் 1947இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் சிம்பொனி முழுவதையும் பதிவு செய்தார். பல பக்கங்களுக்கு நீளும் அந்தப் பதிவில் இந்த ஒரு பகுதியை மட்டும் சுருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதிலும் அவர் 8 நிமிடங்களைத் தாண்டவில்லை. ரூக்கெர்ட் பாடலைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அந்த உறவுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வயோலா வரிசை எழுதுகிறார்:

நான் வாசிக்கும் பக்கத்திலிருந்து சிறிது சொல்கிறேன். எங்கள் ஊர்த் தன்னார்வ ஆர்கெஸ்ட்ராவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கிறேன். அடாஜியெட்டோவை இரண்டு நடத்துநர்களின் கீழ், இரண்டு வேறு காலப்பிரமாணங்களில் வாசித்திருக்கிறேன். இதில் 103 பார்கள், அதாவது தாளக் கட்டங்கள், இருக்கின்றன. ஏறத்தாழ அனைத்தும் நான்கு துடிப்புகள் கொண்டவை. 7 நிமிடத்தில் முடித்தால் சராசரியாக ஒரு துடிப்புக்கு ஒரு வினாடி. 14 நிமிடம் என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு வினாடிகள். ஹெர்மன் ஷெர்ஷன் 1964இல் ஃபிலடெல்ஃபியாவில் நடத்தியபோது 15 நிமிடங்களையும் தாண்டினார். ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு என்பதை உடல் நடையாக உணரும். இரண்டு வினாடிக்கு ஒன்று வந்தால் நடை மறைந்து, ஒவ்வொரு சுரமும் தனித்தனியே நின்றுவிடும். கேட்பவர் மனத்தில் பாட்டு தியானமாக மாறும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பகுதியில் ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் இல்லை. வில்லால் வாசிக்கும் நரம்புக் கருவிகளும், யாழைப் போல விரலால் மீட்டும் ஹார்ப்பும் மட்டுமே. வில்லைப் பிடித்திருக்கும் நாங்கள் ஒரு சுரத்தை எவ்வளவு நேரமும் நீட்டலாம். வில் தீர்ந்தால் பக்கத்திலிருப்பவர் திருப்பாத நேரம் பார்த்து நாம் திருப்பிக்கொள்ளலாம். ஹார்ப் கலைஞரால் அது முடியாது. அவர் மீட்டியவுடனேயே ஒலி மங்கத் தொடங்கிவிடும். விரைவான காலத்தில் ஹார்ப்பின் ஒலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, அடியில் ஓடும் நீரைப் போல எங்களைத் தாங்கின. மெதுவான காலத்தில் அவற்றுக்கிடையே இடைவெளி திறந்துகொண்டது. ஒவ்வொரு மீட்டலும் வெறுமைக்குள் விழுவதை என் இருக்கையிலிருந்தே கேட்க முடிந்தது. அந்த வெறுமையை நான் குறையாகச் சொல்லவில்லை. மேற்கு மாடம் நண்பர் சொல்லும் தனிமை அங்கிருந்துதான் பிறக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது. மண்டபமும் இதில் பங்கு பெறுகிறது. கற்சுவர் கொண்ட பெரிய தேவாலயத்தில் ஒலி நெடுநேரம் தங்குவதால் இடைவெளிகள் தாமே நிரம்பிவிடும். அங்கே பொருந்தும் வேகம் சிறிய, ஒலி உடனே அடங்கிவிடும் மண்டபத்தில் வறண்டு தெரியும். தம் இசையை ஒலிப்பதிவாக வெளியிட மறுத்த நடத்துநர் செலிபிடாக்கே, வேகம் என்பது கடிகாரத்தின் எண்ணன்று, அந்த இடத்தில் அந்த ஒலிகள் மலர்ந்து அடங்கத் தேவைப்படும் காலம் என்று விடாமல் சொல்லி வந்ததை, இந்தப் பகுதியை நானே இசைத்தபோதுதான் முதன்முதலில் விளங்கிக்கொண்டேன்.

ஆயினும் எனக்கு 9 நிமிடத்தை ஒட்டிய வாசிப்பே சரியாகப் படுகிறது. காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது. மாலர் அடாஜியெட்டோவையும், ரோண்டோ எனப்படும் ஐந்தாம், இறுதிப் பகுதியையும் சேர்த்துச் சிம்பொனியின் மூன்றாம் பாகமாக வைத்தார். இடையில் நிறுத்தமும் கிடையாது. இறுதிப் பகுதியில், அடாஜியெட்டோவின் நடுவே வந்த மெட்டு விரைந்த, மகிழ்ந்த நடையில் மீண்டும் மீண்டும் திரும்புகிறது. அதைக் கேட்பவர் அடையாளம் கண்டு முகம் மலர வேண்டும் என்பதற்காகவே மாலர் அப்படி அமைத்திருக்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன். முதலில் வந்தபோது அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் மெட்டின் உருவம் கரைந்துபோகும்; திரும்பி வரும்போது காது அதை அறியாது. இந்தப் பகுதியைத் தனியாக எடுத்து இறுதி வழிபாட்டிலோ வானொலியிலோ வாசிக்கும்போது இந்தச் சிக்கலே எழாது. அதனால், கேள்வி கேட்ட நண்பர் ஒருமுறை வால்டரின் 1947 பதிவிலும், பின்னர் கராயானிலும், நான்காம் ஐந்தாம் பகுதிகளை இடைவிடாமல் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இரவு வானொலி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வயோலா வரிசை நண்பர் சொன்னபடி நேற்றிரவு இரண்டையும் கேட்டேன். இத்தனை ஆண்டுகளாக அடாஜியெட்டோ முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வேறெதையும் கேட்க மனம் வந்ததில்லை. இப்போது நிறுத்தாமல் விட்டபோது, நரம்புகளின் கடைசி ஒலி அடங்கிய இடத்திலிருந்து கொம்பு ஒற்றைச் சுரத்தை ஊதியது. அத்தனை நிமிடங்கள் மௌனமாக அமர்ந்திருந்த ஊதுகருவிகள் அங்கேதான் மூச்சு விடுகின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன். வால்டரின் வாசிப்பில் மெட்டு திரும்பி வந்தபோது உடனே தெரிந்துகொண்டேன். கராயானில் இரண்டாம் முறை வந்தபோதுதான் பிடிபட்டது, ஆனால் பிடிபட்டபோது, பல ஆண்டுகள் துக்கத்தோடு மட்டுமே அறிந்திருந்த ஒருவரைச் சிரித்த முகத்தோடு பார்த்ததுபோல இருந்தது, கண் கலங்கிவிட்டது. நண்பர்கள் தவறாக நினைக்கக்கூடாது, அந்த மெதுவான வாசிப்பை என்னால் விட முடியாது. இனிமேல் அதை நான்காம் பகுதியோடு மட்டும் நிறுத்தவும் மாட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 9 நிமிடத்தை ஒட்டி வாசிப்பவர்களில் யாருடைய முழுச் சிம்பொனியை முதலில் கேட்கலாம்?

வயோலா வரிசை எழுதுகிறார்:

நடத்துநர் கிளாடியோ அபாடோ பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் 1993இல் பதிவு செய்ததிலிருந்து தொடங்குங்கள். அவரே 1980இல் சிகாகோவில் இதை 12 நிமிட அளவில் வாசித்தவர். பெர்லினில் 9 நிமிடங்களுக்கு வந்துவிட்டார். முதலில் பெர்லினைக் கேளுங்கள். ஓரிரு வாரம் கழித்துச் சிகாகோவைக் கேளுங்கள். அடாஜியெட்டோவுக்கு முன்னால் வரும், ஸ்கெர்ட்ஸோ எனப்படும் நீண்ட, துள்ளலான மூன்றாம் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆரவாரம் காதில் இருக்கும்போது ஹார்ப் தொடங்கினால்தான் அந்த அமைதியின் ஆழம் தெரியும்.