கராஜ் எபாக்ஸி மூன்றே வாரத்தில் உரிகிறது, காவடிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, உதவுங்கள்

சாட்ஸ்வொர்த் மாப்பிள்ளை (திங்கள், இரவு 10.12)
அவசரம். டிசம்பர் லீவில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், கராஜ் தரைக்கு நானே எபாக்ஸி (இறுகிப் பிடிக்கிற பிசின் பூச்சு) அடித்தேன். இப்போது கார் டயர் நிற்கிற இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. தைப்பூசக் காவடி முடிந்து வருகிறவர்களுக்கு அங்கேதான் சாப்பாடு போடுவோம், இந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா? ஆள் வைத்தால் என்ன செலவாகும்? ஒருவர் சதுர மீட்டருக்கு 420 ராண்ட் கேட்கிறார்.

மெரபேங்க் அக்கா (10.31)
தம்பி, தரை எத்தனை சதுர மீட்டர்? அடிப்பதற்கு முன்னால் தரையை எப்படித் தயார் செய்தீர்கள்? கான்கிரீட் எந்த வருஷத்தது? உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? பின்பக்கம் சிமெண்ட் தூள் ஒட்டியிருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா, ஈரமா? அதைச் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பழைய மேஸ்திரி (10.40)
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்த்திருந்தால் பத்து விவாத இழை கிடைத்திருக்கும். டப்பா ஒன்றா இரண்டா என்றுகூட எழுதவில்லை. ஒரே டப்பா என்றால் அது எபாக்ஸி பெயர் போட்ட சாதாரணப் பெயிண்ட். இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பதுதான் எபாக்ஸி. முதலில் இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு தரையில் கை வையுங்கள்.

ஜோபர்க் எஞ்சினியர் (10.58)
டயர் நிற்கிற இடம் என்றால் சந்தேகமே வேண்டாம், சூட்டு டயர்தான். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் சூட்டில் எபாக்ஸி இளகும். டயர் ஆறிச் சுருங்கும்போது படலத்தைப் பற்றி இழுக்கும். உங்கள் ஊர் வெயிலுக்குப் பாலிஆஸ்பார்ட்டிக் என்கிற வேறு வகைப் பூச்சுதான் சரி. விலை கூடத்தான். ஆனால் சீக்கிரம் இறுகும், கதவு திறந்து கிடந்தாலும் வெயிலில் மஞ்சளாகாது. எபாக்ஸி மஞ்சளாகும்.

வெருலம் வாசி (11.05)
டர்பன் பக்கம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பே இருக்காது. மண்ணின் ஈரம் ஆவியாக மேலே வந்து படலத்தைத் தூக்கிவிடும். 45 செ.மீ. சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம்தான்.

சாட்ஸ்வொர்த் மாப்பிள்ளை (செவ்வாய், காலை 6.20)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 6க்கு 4, அதாவது 24 சதுர மீட்டர். இரண்டு டப்பா கலக்கிற கிட், தண்ணீர் கலந்த வகை, மொத்தம் 5 லிட்டர், இரண்டு கோட். முன்னதாகப் பூல் ஆசிட் (நீச்சல் குளத்துக்கு ஊற்றுகிற ஆசிட்) ஊற்றிக் கழுவி இரண்டு நாள் காயவிட்டேன். காலை 11 மணிக்கு அடித்தேன். உரிந்த துண்டின் பின்பக்கம் வழவழப்பாக இருக்கிறது, தூள் இல்லை. வேலைக்குக் கிளம்புகிறேன்.

பழைய மேஸ்திரி (7.15)
5 லிட்டரை 24 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக 200 மைக்ரான் சொச்சம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). தண்ணீர் போனபின் ஏறத்தாழ பாதிதான் நிற்கும். இரண்டு கோட்டும் சேர்ந்தே 100 மைக்ரான்! ஒரு லிட்டர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள்தான் தரை வேலைக்கு வர வேண்டும்.

மெரபேங்க் அக்கா (7.32)
மேஸ்திரி ஐயா, கணக்கு சரி. ஆனால் மெல்லியதாக இருந்தால் தேயும், இப்படித் தாளாக உரியாது. வழவழப்பாக உரிந்தால் அது தரையைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். தம்பி, இரண்டு கேள்வி. பின் டயர் நிற்கிற இடத்திலும் உரிகிறதா? ஆசிட் ஊற்றியபோது தரை முழுக்க நுரைத்ததா?

ஜோபர்க் எஞ்சினியர் (8.10)
காலை 11 மணி என்பதே தப்பு. வெயில் ஏறும்போது கான்கிரீட்டும் சூடாகும், அதன் துளைகளில் இருக்கிற காற்று விரிந்து குமிழி குமிழியாக வெளியே வரும். சூடு இறங்க ஆரம்பித்த பிறகு, சாயங்காலம்தான் அடிக்க வேண்டும்.

வெருலம் வாசி (8.44)
எஞ்சினியர் தம்பி, உங்கள் ஜோபர்க் மேட்டுநிலத்துக் காற்றை வைத்துக் கடற்கரைக்குச் சொல்லாதீர்கள். ஜனவரியில் இங்கே 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அப்போது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படிய ஆரம்பிக்கிற சூடு, 24 டிகிரிக்குச் சற்று மேல். தரையின் சூடு அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். சாயங்காலம் அடித்துவிட்டு ராத்திரி தரை குளிர்ந்தால் காயாத எபாக்ஸி மேலேயே நீர் பூக்கும், காலையில் வெள்ளையாகப் பிசுபிசுக்கும். என் தரையே அப்படிப் போனது.

ஜோபர்க் எஞ்சினியர் (9.02)
குமிழி விழுந்தால் ஈரம் உள்ளே போக அதுவே வழி. உங்கள் தரை போனதற்கு நேரம்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வெருலம் வாசி (9.20)
சொல்லலாம். பாதியை மதியம் முடித்தேன், அது இன்னும் நிற்கிறது. மீதியைச் சாயங்காலம் அடித்தேன், அதுதான் போனது. மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் முடிப்பதே இங்கே நல்லது.

டொங்காட் கரும்புக்காடு (10.15)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நேரம் எதுவானாலும் கலக்கிய வாளியை வெயிலில் வைக்காதீர்கள். சூடு 10 டிகிரி ஏறினால், கலவையை அடித்து முடிக்கக் கையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். தண்ணீர் கலந்த வகையில் இன்னொரு ஆபத்து. நேரம் கடந்தாலும் கெட்டியாகாமல் நல்ல பெயிண்ட் மாதிரியே இருக்கும், அடித்தால் பிடிக்காது.

சாட்ஸ்வொர்த் மாப்பிள்ளை (மதியம் 1.05)
அக்கா, முன் டயர் இடத்தில் மட்டும்தான். பின் டயர் நிற்கிற இடம் கல் மாதிரி இருக்கிறது. முன் டயர் நிற்கிற உள்பக்கம் பழைய வராந்தா, வெளிப்பக்கம் 2009இல் நீட்டிப் போட்டது. ஆசிட் வெளிப்பக்கம் நன்றாக நுரைத்தது, உள்பக்கம் தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது. பழைய தரை சுத்தம் போல என்று நினைத்தேன்.

வெருலம் வாசி (1.20)
பார்த்தீர்களா, பழைய தரை, அடியில் விரிப்பு இல்லை. ஈரம்தான்.

மெரபேங்க் அக்கா (1.41)
இருக்கலாம், தாளை ஒட்டிப் பார்க்கட்டும். ஆனால் ஆசிட் கான்கிரீட்டைத் தொட்டால் நுரைத்தே தீரும். நுரைக்கவில்லை என்றால் இடையில் ஏதோ தடுக்கிறது. தம்பி, அந்த வராந்தாவுக்குச் சிவப்பு பாலிஷ் போட்டிருந்தார்களா? என் அம்மா வீட்டு ஸ்டூப்புக்கு (முன் வராந்தாவுக்கு) வெள்ளிக்கிழமை தவறாமல் போடுவார், முட்டி போட்டு, துணியால் தேய்த்துத் தேய்த்து. அது மெழுகு. பல வருஷ மெழுகு கான்கிரீட்டின் துளைக்குள் இறங்கியிருக்கும். ஆசிட் மெழுகைத் தொடாது, எபாக்ஸியும் அதைப் பிடிக்காது. டயர் இழுத்த இடத்தில் முதலில் வந்திருக்கிறது, மற்ற இடமும் வரும்.

உரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கி கறுத்தால் நல்லது. முத்தாக நின்றால் மெழுகு.

பழைய மேஸ்திரி (2.30)
இதற்குத்தான் நான் ஆசிட்டே கூடாது என்கிறேன். வைரக் கல் பதித்த தேய்ப்பு மெஷின் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் எல்லாம் போகும்.

மெரபேங்க் அக்கா (2.52)
மெழுகின் மேல் நேராக மெஷின் வைத்தால் அது சூட்டில் உருகி இன்னும் பரவும், கல்லும் அடைத்துக்கொள்ளும், ஐயா. முதலில் துணியில் டர்ப்ஸ் (டர்பன்டைன்) நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்க வேண்டும். கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல் வெளியே விரித்துப் போடுங்கள். அப்புறம் எண்ணெய் நீக்கும் சோப்பும் சுடுதண்ணீரும். சொட்டு உள்ளே இறங்குகிறவரை விடாதீர்கள். அதன் பிறகு, தூசி உறிஞ்சும் மெஷினோடு தேய்ப்பு. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி கட்டாயம். தயவுசெய்து ஆசிட் கிடந்த இடத்தில் பிளீச் ஊற்றிவிடாதீர்கள், விஷவாயு வரும்.

420 ராண்ட் சொன்னவரிடம் கேளுங்கள்: தேய்ப்பு அதில் அடக்கமா, ப்ரைமர் (அடிப்பூச்சு) உண்டா, காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான், வாட் வரி சேர்த்தா. 24 சதுர மீட்டருக்கு 10,080 ராண்ட். 15 சதவீத வாட் தனி என்றால் 11,592. தேய்ப்பும் தனி என்றால் அது மலிவான விலை இல்லை. மெழுகு இருந்தது என்று அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் அடித்ததும் உரியும்.

காவடிக்கு முன் எதுவும் அடிக்க வேண்டாம். மேலே இன்னொரு கோட் போட்டால் பழையதோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, பாய் விரியுங்கள். பிரியாணி டெக்சியை அடுப்பிலிருந்து இறக்கினால் நேராக எபாக்ஸி மேல் வைக்காதீர்கள், பலகை போட்டு வையுங்கள். நல்ல எபாக்ஸியே அந்தச் சூட்டில் இளகும்.

ஜோபர்க் எஞ்சினியர் (3.10)
அக்கா சொல்வது சரி. சூட்டு டயர் என்றால் நாலு டயரும் இழுத்திருக்க வேண்டும். அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் மாப்பிள்ளை (வெள்ளி, இரவு 8.47)
பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் காய்ந்தே இருந்தது. தண்ணீர்ச் சொட்டு முத்தாக நின்றது. டர்ப்ஸ் துணியில் சிவப்பாக வந்தது. மனைவியைக் கேட்டேன், அவள் ஆயா, அதாவது பாட்டி, முப்பது வருஷம் பாலிஷ் போட்டார்களாம். அந்தத் துணியை அவளிடம் காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பாய் கடன் வாங்கிவிட்டோம். மெஷின் பிப்ரவரியில். நன்றி அக்கா.

வெருலம் வாசி (9.15)
காய்ந்தே இருந்ததா? எந்த நேரத்தில் ஒட்டினீர்கள்? மழைக்குப் பிறகு ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள்.