மைசெட்டோமாவைப் ‘புற்று’ என்று எழுதலாமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வெப்ப நாடுகளின் தோல் நோய்கள் குறித்துச் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படை, சிரங்கு, அக்கி, தேமல் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ‘மைசெட்டோமா’வில் நின்றுவிட்டேன். எனக்கு முன் இந்த வேலையைத் தொடங்கியவர் ‘பூஞ்சைப்புற்று’ என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்த இயலில் ‘மெலனோமா’ என்னும் தோல்புற்றுக்குக் ‘கரும்புற்று’. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் ஒரே வகை நோய் என்றுதானே நினைப்பார்? வியாழன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

தோல் மருத்துவர் எழுதியது:

> பூஞ்சைப்புற்று

தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். மைசெட்டோமா புற்றே அல்ல, தொற்று. முள் குத்திய வழியாக மண்ணிலுள்ள கிருமி உள்ளே போகிறது. வலியில்லாத வீக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. பிறகு அங்கங்கே கண் திறந்து சீழ் வடியும். சீழோடு குருணை போலச் சிறு மணிகள் விழும். வீக்கம், சீழ் வடியும் புரை, மணி மூன்றும்தான் அடையாளம்.

முன்பாதியும் தவறு. காரணம் பூஞ்சையாகவும் இருக்கலாம், இழையாக வளரும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் கோட்ரைமாக்சசோல், அமிக்கசின் மருந்துகளுக்குக் கேட்கும். பூஞ்சை என்றால் இட்ராகொனசோல் நீண்ட காலம், பல நேரம் அறுவையும் வேண்டும். கறுப்பு மணி பூஞ்சையைக் காட்டும், சிவப்பு மணி பாக்டீரியாவைக் காட்டும், வெள்ளையும் மஞ்சளும் இரண்டிலும் வரும். ‘பூஞ்சை’ என்று பெயரிலேயே முடிவுகட்டிவிட்டால் செவிலியர் மணியின் நிறத்தைப் பார்க்கவே மாட்டார்.

எல்லாவற்றையும்விட, ‘புற்று’ என்று ஒருவர் தவறாகச் சொன்னதைக் கேட்டு வீட்டோடு இருந்துவிட்ட நோயாளியைப் பார்த்திருக்கிறேன். எலும்புவரை அரித்த பிறகுதான் வந்தார். முன்பே வந்திருந்தால் கால் மிஞ்சியிருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, குழப்பத்தின் வேர் ‘ஓமா’ என்ற ஈறு. கிரேக்கத்தில் ‘மூக்கேஸ்’ என்றால் காளான், ‘மெலாஸ்’ என்றால் கறுப்பு. ‘ஓமா’வைக் கண்ட இடமெல்லாம் புற்று என்று பெயர்ப்பது பிழை. கிளாக்கோமா கண்ணழுத்த நோய், ஹீமட்டோமா இரத்தக்கட்டு, லிப்போமா கொழுப்புக்கட்டி. இவற்றுள் எது புற்று? நமக்குக் கட்டி, கழலை, பிளவை என்று தனித்தனிச் சொற்கள் இருக்க, ஒரே அச்சில் வார்ப்பானேன்?

‘புற்று’ கறையான் எழுப்புவது. உள்ளே அறை அறையாகக் குடைந்து வெளியே மேடாக எழும்பும். மேலைநாட்டவர் ‘கேன்சர்’ என்று அந்த நோயில் நண்டைக் கண்டார்கள், நாம் புற்றைக் கண்டோம். இவ்வளவு பொருத்தமான சொல்லை வேறு நோய்க்குக் கடன் கொடுக்கக் கூடாது.

‘கரும்புற்று’ம் எனக்கு ஒப்பில்லை. கருமை + புற்று என்று பிரிப்பது போலவே கரும்பு + உற்று என்றும் பிரியும். ‘கருமைப்புற்று’ என்று விரித்து எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

எங்கட பாடப்புத்தகங்களில பூஞ்சைக்குப் ‘பங்கசு’ எண்டுதான் படிச்சனாங்கள். ‘பூஞ்சை உடம்பு’ எண்டால் நோஞ்சான் உடம்பு எண்டும் விளங்கும். ‘மைசெட்டோமா’ எண்டே விட்டால் என்ன? நோயாளி மேல்மருத்துவமனைக்குப் போனால் கடிதத்தில அந்தப் பெயர்தான் நிற்கும்.

தமிழாசிரியர் எழுதியது:

அப்படியே விட்டுக்கொண்டு போனால் கையேட்டைத் தமிழில் ஏன் போட வேண்டும்? பெயரைக் கேட்டால் நோய் கண்ணில் தெரிய வேண்டும். யானைக்கால் என்ற பெயரை எவருக்காவது விளக்க வேண்டியிருக்கிறதா?

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

யானைக்கால் என்று ஐயாவே வழி காட்டிவிட்டார். ‘மதுரைக்கால்’ என்று வைக்கலாம். ஆங்கிலேய மருத்துவர் கில் 1842இல் மதுரையில்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார். மதுராப் பாதம் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1860இல் ‘மைசெட்டோமா’ என்று பெயர் சூட்டிய வான்டைக் கார்ட்டர்தான் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்தவர். அந்தக் கைதான் இந்தப் புண்களையும் வரைந்தது. கிருமிகளின் பெயரைப் பாருங்கள்: மதுரெல்லா, ஆக்டினோமதுரா. உலகமே நம் ஊர்ப்பெயரைச் சொல்கிறது, நாம் ஏன் கூசுகிறோம்?

தோல் மருத்துவர் எழுதியது:

கார்ட்டரின் படங்கள் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்த நோய் கையிலும் முதுகிலும்கூட வருகிறது. கையில் வந்ததைக் ‘கால்’ என்று எப்படி எழுதுவேன்? புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் வழிகாட்டியிருக்கிறது. மைசெட்டோமா பழைய நோய்தான், ஆனால் தமிழ்ப்பெயரை இன்றுதானே வைக்கிறோம்? 2016இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சூடான், மெக்சிகோ உழவர்களுக்கும் இதே நோய்தான்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

டாக்டர், உங்கள் முதல் மடலிலேயே சொல் இருக்கிறதே! ‘குருணை போலச் சிறு மணிகள்’ என்றீர்கள். ‘குருணைக்கட்டி’ என்று வைக்கலாமா? குருணை மருந்து தூவுகிற உழவர்களுக்குத்தானே இந்த நோய் அதிகம் வருகிறது? சொன்னதும் பிடிபடும்.

தமிழாசிரியர் எழுதியது:

நல்ல சொல். ஆனால் ‘குறுணை’ என்று வல்லின றகரம் வேண்டும். குறு + நொய் = குறுநொய். அதுதான் மருவியது.

சொல்லாய்வு அன்பர் எழுதியது:

இல்லை ஐயா. வேர்க்குருவில் உள்ள ‘குரு’வை மறந்துவிட்டீர்கள். உடம்பில் மணி மணியாக எழும்புவது குரு. அரிசியில் தொடங்காமல் தோலிலேயே தொடங்கும் சொல் என்றே எண்ணுகிறேன். தோலைப் பற்றித் தமிழுக்கு இருந்த கூர்மையை நாம் இழந்துவிட்டோம். சுணங்கு, திதலை என்று மேனிப் புள்ளிகளைச் சங்கப் புலவர்கள் அழகாகக் கண்டதை இன்று தேமலோடு குழப்பிப் பூஞ்சை மருந்து தடவச் சொல்கிறோம்.

தோல் மருத்துவர் எழுதியது:

சுணங்கைப் பிறகு பேசலாம். ‘குருணைக்கட்டி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு தடை மட்டும். கிரானுலோமா என்னும் அழற்சி அணுத்திரளுக்குச் சிலர் ‘குருணைக்கட்டி’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். தொழுநோய், காசநோய் இயல்களில் அது திரும்பத் திரும்ப வரும். அங்கே ‘குறுமணித்திரள்’ என்று மாற்றினால் மோதல் தீரும்.

மெலனோமாவுக்குக் ‘கருமைப்புற்று’ சரி. கூடவே ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: கருநிறத் தோலில் அது அரிது, ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெயில் படாத இடங்கள். 1981இல் இறந்த பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. மச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு சொல்லும் பாக்கி. ஆறாத பழம்புண், தீக்காயத் தழும்பு, தொழுநோயாளியின் உள்ளங்கால் புண் ஆகியவற்றில் ஆண்டுகள் கழித்துப் புற்று எழும்பும். மார்ஜொலின் புண் என்போம். ‘தழும்புப்புற்று’ என்றால் பாதிதான் சரி, புண்ணிலும் வருகிறதே. ‘பழம்புண் புற்று’ என்று போடுங்கள். இங்கே மட்டும் ‘புற்று’ என்ற சொல்லுக்கு அச்சம் வேண்டும். ஓரம் தடித்துப் பூக்கோசு போல எழும்பினால் அன்றைக்கே சதைத் துணுக்கெடுத்துப் பார்க்க அனுப்ப வேண்டும். ‘புற்று’ என்பதைக் கண்ட இடத்தில் எழுதினால் இந்த இடத்தில் அது யாரையும் எழுப்பாது.

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது:

அப்ப ‘குருணைக்கட்டி’ நல்லம். ஆனால் பக்கத்தில ‘மைசெட்டோமா’ எண்டும் கட்டாயம் போடுங்கோ. அதில்லாமல் என்ர வாக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இயல் தலைப்பில் ‘குருணைக்கட்டி என்னும் மைசெட்டோமா’, உள்ளே குருணைக்கட்டி. கருமைப்புற்று, பழம்புண் புற்று, குறுமணித்திரள் மூன்றையும் சேர்த்துவிட்டேன். றகரத்தை விட்டு ரகரம் போட்டிருக்கிறேன், செவிலியர் எழுதுவது அப்படித்தான். ஐயா பொறுத்தருள வேண்டும். பக்கங்கள் இன்று இரவு போகின்றன.

தமிழாசிரியர் எழுதியது:

பெயருக்கு உடன்படுகிறேன், எழுத்துக்கு இல்லை. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

தோல் மருத்துவர் எழுதியது:

இன்று காலை ஒரு செவிலியரிடம் படத்தைக் காட்டி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘புரையோடின கால்’ என்றார். ‘புரை’ என்ற சொல்லை நோயின் பெயராக நாம் ஒருவருமே முன்வைக்கவில்லை. குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று படித்தவர்கள்தான் எல்லோரும். பக்கம் போய்விட்டதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

போய்விட்டது, டாக்டர். அடையாளங்களைச் சொல்லும் பத்தியில் ‘புரையோடியிருக்கும்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது.