‘கேஸ்தான் சார்’ என்று அனுப்பிவிட்டார்கள்

தாம்பரத்தான்:
சைதாப்பேட்டை தாண்டி மாம்பலம் வருவதற்குள் செத்துவிடுவேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். தாம்பரத்திலிருந்து சென்னை பீச் போகும் காலை நேர மின்சார ரயில், நிற்க இடமில்லை. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி. மாம்பலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி நார்மல், மாரடைப்பா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். “கேஸ்தான் சார், வாயுத் தொல்லை. நைட் பரோட்டாவா?” என்றார் டியூட்டி டாக்டர். பரோட்டாதான். அங்கேதான் வினை. ஆறு மாசம் பரோட்டாவை விட்டேன், படபடப்பு என்னை விடவில்லை.

அதற்குள் இன்னும் மூன்று ஈசிஜி. அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள், நெடியே வரவில்லையாம், திருஷ்டி உறுதி. ரயிலை விட்டேன், அப்புறம் லிஃப்ட்டை. கல்யாண மண்டபத்தில்கூட கதவோரமாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

கடைசியில் மனநல டாக்டரிடம் போனேன். அந்தம்மா ‘ரிலாக்ஸா இருங்க’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. (அப்படிச் சொன்னவர்கள் மேல் இன்னும் எனக்குக் கடுப்பு உண்டு.) “ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க” என்றார். விட்டேன். அதே மரப்பு, அதே எறும்பு! “இது பேனிக் அட்டாக், திடீர்னு வர்ற பயத் தாக்குதல். வேகமா மூச்சு விட்டு ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா இப்படித்தான் ஆகும், சாக மாட்டீங்க” என்றார். மாத்திரையும் எழுதினார். முதல் இரண்டு வாரம் தூக்கமே இல்லை, நிறுத்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. சில வாரம் போனால்தான் வேலை செய்யும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம் ரயில். முதல் வாரம் தாம்பரம் டு சானடோரியம், ஒரே ஸ்டேஷன். அப்புறம் குரோம்பேட்டை, பல்லாவரம். படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். திரிசூலத்தில் ஆரம்பித்தது பழவந்தாங்கலில் உச்சிக்குப் போய், கிண்டி வருவதற்குள் தானாகவே இறங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நெல்லைக்காரி:
அண்ணா, எனக்கும் இதே படபடப்புதான், கூடவே கை நடுக்கம். நல்லா சாப்பிட்டும் அஞ்சு கிலோ குறைஞ்சுட்டேன். “மாமியார் டென்ஷன்”னு வீட்டுல கேலி வேற. பாவம் எங்க அத்தை! டிஎஸ்எச்னு தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்தா அது ரொம்பக் கம்மி, தைராய்டு அதிகமா சுரந்திருக்கு. அதனால மனசுதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ரத்தப் பரிசோதனையையும் பண்ணிடுங்க. நடு ராத்திரியில யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலைன்னா 14416, அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல இருந்து இருக்கு, இலவசம், தமிழ்லயே பேசலாம். நீங்க இப்ப பீச் வரைக்கும் போறீங்களா?

தாம்பரத்தான்:
போறேன்மா. ஆனால் பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஏற மாட்டேன். குடிப்பதே இல்லை, சும்மா இருக்கணும், அவ்வளவுதான். டாக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஏற வேண்டுமாம்.