நீங்கள் படம் எடுத்த காடு இப்போது இருக்கிறதா? (காட்டைப் படம் எடுப்பவர்கள் மூவரின் உரையாடல்; தலைப்பில் இருப்பவை அவர்களின் புனைபெயர்கள்)

மேல்மலை
2006-ல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானல் மன்னவனூர்ப் பக்கம் ஒரு சரிவைப் படம் எடுத்திருந்தேன். மரமே கிடையாது, புல்லும் குறிஞ்சிப் புதரும்தான். சரிவு முழுக்க நீலம். 2018-ல் மறுபடி பூத்தபோது அதே கோணத்தில் எடுக்கப் போனால், அடையாளம் வைத்திருந்த எதிர்மலை முகடே தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எல்லாம் சீகை, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம். குனிந்து உள்ளே போனேன். நிழலில் ஒரு குறிஞ்சிச் செடி வெயில் தேடி ஒல்லியாக நீண்டு, நுனியில் மட்டும் நாலைந்து பூவோடு நின்றது. அதைத்தான் எடுத்தேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், "முன்னாடி மொட்டை மலை, இப்போதுதானே பச்சையாக இருக்கிறது" என்கிறார்கள். புல்வெளி போவதும் அழிவுதான் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆனைமலை
எனக்கு வால்பாறை. புதுத்தோட்டம் எஸ்டேட்டுச் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) ரோட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். மழை விட்ட ஒரு சாயங்காலம், குட்டியை வயிற்றோடு அணைத்த தாய் ஒன்று கிளை முடிகிற இடத்தில் உட்கார்ந்து எதிர்மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் தார் ரோடு, வரிசையாக வண்டிகள். கேமராவை விட்டுவிட்டு வண்டிகளை நிறுத்தப் போனேன். இறங்கி ஓடிக் கடந்தது. பிறகு அங்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். ஆனாலும் அது உட்கார்ந்திருந்த விதம் மறக்கவில்லை.

பேரிஜம்
மேல்மலை, சீகையை மொத்தமாக எதிரியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய சீகைத் தோப்பு நிழலில் சோலைமரக் கன்றுகள் (இந்த மலைக்கே உரிய காட்டு மரங்கள்) முழங்கால் உயரத்துக்கு வந்திருப்பதை எடுத்திருக்கிறேன். ஒரேயடியாக வெட்டினால் அதுவும் போகும். மண்ணில் பல ஆண்டு கிடந்த சீகை விதை, வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவிடும். புல்வெளிக்குள் புதிதாக நுழைகிற கன்றைப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

அப்புறம், அடுத்த தடவை முகட்டை நம்பாதீர்கள், மரம் மறைத்துவிடும். நகராத பாறை ஒன்றை ஃப்ரேமின் மூலையில் வையுங்கள். அதே லென்ஸ், அதே மாதம், அதே நேரம். டிரைபாட் உயரத்தையும் எழுதி வையுங்கள். ஜிபிஎஸ் குறிப்பை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் போட்டால் ஆர்க்கிட் பறிக்க ஆள் வந்துவிடும். கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போனதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்ன ஆய்வு 2018-லேயே வந்துவிட்டது. ஆனால் போன இடத்தில் குறிஞ்சி இருந்ததா என்பதை உங்கள் படம்தான் காட்டும்.

மேல்மலை
வெட்டச் சொல்லவில்லையே. அந்தச் சரிவில் நிற்பது பழைய தோப்பு இல்லை, 2006-க்குப் பிறகு ஏறி வந்தது. அடியில் நான் பார்த்தவரை சோலைக் கன்று ஒன்றுகூட இல்லை. மேலே இன்னும் ஒரு துண்டுப் புல்வெளி மிச்சம் இருக்கிறது. 2030 பூப்புக்கு முன்னால் அதை நீங்கள் சொன்ன மாதிரி எடுத்து வைக்கப் போகிறேன். அந்தப் பக்கம் 2006-ல் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.