மறுமொழி: டிப்ஸுக்குத் தமிழில் ‘தட்டுக்காசு’ போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

காது, மூக்கு என்று உடலில் துளையிடும் தொழிலின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொல்தொகுப்பில் மற்றவை ஓரளவு முடிந்துவிட்டன, டிப்ஸுக்கு என்ன சொல் என்பதில்தான் நான்கு நாளாக நிற்கிறோம். அன்பளிப்பு, இனாம், ஊக்கத்தொகை, மகிழ்கொடை என்று இதுவரை வந்த எதுவும் எனக்கு ஒட்டவில்லை. அன்பளிப்பு என்று ஏதாவது ஒரு அரசு அலுவலகத்து வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள், வேறு பொருள்தான் வரும். இனாம் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் போடுவது. ஊக்கத்தொகை முதலாளி தருவது. மகிழ்கொடை கேட்க அழகு, ஆனால் அமெரிக்காவில் காது குத்திக்கொண்டு வருபவர் மகிழ்ந்துதான் கொடுக்கிறார் என்று யார் சொன்னது?

அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். நியூ ஜெர்சியில் மகளுக்கு மூக்குக் குத்தப் போனபோது குத்துகூலி தனி, டைட்டானியம் மூக்குத்திக்குத் தனி விலை, கடைசியில் அட்டை தேய்க்கும் திரையில் 18, 20, 25 விழுக்காடு என்று மூன்று கட்டம். கூலிக்கு மட்டும் கணக்குப் போடுவதா, நகையையும் சேர்த்தா என்று புரியாமல் நின்றேன். நகையோடு சேர்த்துக் கொடுப்பவர்களும் உண்டு, தங்கமாக இருந்தால் கூலிக்கு மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு வழக்கம். ஆறுகிற புண்ணைக் கூலி வாங்காமல் பார்த்துச் சொன்னாலோ, துளையில் இருக்கும் நகைக் கம்பியை மாற்றிவிட்டாலோ சில டாலர் கையில் வைப்பது மரியாதை. பல கடைகளில் கூலியில் ஒரு பங்கு கடைக்குப் போய்விடும் என்பதால் குத்துபவருக்கு இந்தக் காசு முக்கியம். சட்டப்படி கட்டாயமில்லை, கொடுக்காமல் வந்தால் முகம் சுருங்கும். ஆகவே ‘கொடை’ ஒட்டாது, ‘கட்டண’மும் ஒட்டாது.

இதற்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறதே! அர்ச்சகர் நீட்டும் தட்டில் விழுவது தட்டுக்காசு. உண்டியலில் போட்டால் கோயிலுக்கு, தட்டில் போட்டால் அவர் கைக்கு. கடைக்குப் போகும் பணத்துக்கும் வேலை செய்தவருக்குப் போகும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக எந்தச் சொல்லில் இருக்கிறது? ஓட்டலில் பில்லும் சோம்பும் வரும் சின்னத் தட்டில் சில்லறையை விட்டுவிட்டு எழுந்திருப்பதும் அதுதான். ஊரில் காதுகுத்துக்கு வரும் ஆசாரிக்குக் கூடத் தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடுதான் பணம் வைப்போம். (அங்கே கூலியும் மரியாதையும் ஒரே தட்டில் கலந்துவிடும், அது வேறு கதை.)

கோயில் வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் நேற்றே எழுதிவிட்டார். அடிக்கட்டுமே, ‘தட்டு’ ஓட்டலிலும் இருக்கிறது. அட்டையில் கொடுப்பதற்குத் தட்டு எங்கே என்று இன்னொருவர் கேட்டார். கைப்பேசியிலும் ‘போனை வை’ என்றுதானே சொல்கிறோம், பழைய தொலைபேசி போல வைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சேவைக் கட்டணத்தை மட்டும் இதோடு குழப்பிவிடாதீர்கள். அது கடைக்காரர் தாமாகப் பில்லில் ஏற்றுவது. அமெரிக்காவில் 2025-இல் வந்த சட்டம் டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக்கழிவு தருகிறது. கருவூலத் துறை தயாரித்த தொழில் பட்டியலில் பச்சை குத்துபவரும் உடலில் துளையிடுபவரும் இருக்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் தாமாக விரும்பித் தந்தால்தான் கழிவு, கட்டாயமாக ஏற்றியதற்குக் கிடையாது. சட்டமே பிரித்துப் பார்ப்பதை நாம் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

நம் சொல்தொகுப்பில் இப்படிப் போடலாம் என்பது என் எண்ணம்: டிப்ஸ் – தட்டுக்காசு. டிப்ஸ் வைத்தல் – தட்டுக்காசு வைத்தல். கல்லாப் பக்கத்தில் டிப்ஸ் போடுவதற்காக இருக்கும் கண்ணாடிச் சாடிக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, உண்டியல் என்றால் நான் மேலே சொன்னது தலைகீழாகிவிடும். யாராவது சொல்லுங்கள்.