சப்வூஃபரும் முன் ஸ்பீக்கரும் சேர்ந்தால் பாஸ் குறைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 5.1 ஹோம் தியேட்டர் செட் (ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்). ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்' (பாஸை சப்வூஃபருக்கு அனுப்பும் அமைப்பு), கிராஸ்ஓவர் (சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலி பிரியும் இடம்) 80 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் முன்பக்க இடது மூலையில். அதிலுள்ள லோபாஸ் (மேல் ஒலியை வெட்டும் ஃபில்டர்) திருகியை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன், இல்லையென்றால் ரிசீவருடையதும் இதுவுமாக இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும்.

உட்காரும் இடத்தில் 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டுப் பார்த்தால் சப் மட்டும் 75 டெசிபல், முன் ஜோடி மட்டும் 74. இரண்டும் சேர்ந்தால் 68! தனித்தனியாகச் சரியாக இருப்பதால் இது அறையின் பள்ளம் (சுவர் எதிரொலியால் ஓரிடத்தில் சத்தம் குறைவது) இல்லை, ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது என்றே நினைக்கிறேன்.

முன் ஸ்பீக்கர் வயரில் பிளஸ், மைனஸ் மாறவில்லை. ஒயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ் சிவப்பில் பட்டதும் இரண்டு வூஃபர் கோனும் வெளியேதான் வருகின்றன. சப்பின் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நிலை) 180 டிகிரிக்கு மாற்றினால் 80-ல் ஏறுகிறது, ஆனால் 60 பக்கம் இறங்கிவிடுகிறது.

ஆட்டோ கேலிபரேஷன் (மைக் வைத்து ரிசீவர் தானே அளப்பது) சப் தூரத்தை 4.6 மீட்டர் என்று போட்டிருக்கிறது; டேப்பில் அளந்தால் 3.1. சப்பின் உள்ளே ஆகும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் கூடுதலாக வருவது வழக்கம்தான், அதனால் கைவைக்கவில்லை.

ஃபேஸை 0-விலேயே விட்டு, ரிசீவரில் இந்தத் தூர எண்ணை (இதை மாற்றினால் சப்பின் ஒலி வரும் நேரப் பொருத்தம் மாறும்) 30 செ.மீ. படியாக மாற்றி, 80-ல் அதிகச் சத்தம் வரும் இடத்தில் நிறுத்தலாமா? 80 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் சுமார் 2.1 மீட்டர், அதற்குள் கிடைத்துவிட வேண்டும். முன் ஜோடிக்குப் பொருத்தினால் சென்டர் ஸ்பீக்கரில் வசனம் கெடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.