கதீஷ் சொல்லப் பத்தாவது ஆளாக ஒரு பெண்ணை எண்ணக்கூடாதா?

எடிசன்வாசி:
வணக்கம். நான் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா யூதர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. பிப்ரவரியில் அவருடைய அப்பா இறந்துபோனார். பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் இருட்டில் கார் ஓட்ட முடியவில்லை. அதனால் மாலையில் ஜெப ஆலயத்துக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசையில் அவரோடு உட்கார்ந்திருப்பேன்.

போன செவ்வாய் ஆண்கள் ஒன்பது பேர்தான் வந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் கதீஷ் சொல்லலாமாம். இந்தப் பக்கம் யூதப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். நாற்பது நிமிடம் காத்திருந்தோம். யார் யாருக்கோ போன் போட்டார்கள். கடைசியில் பள்ளிப் பையோடு ஒரு பையன் ஓடி வந்தான், பதின்மூன்று வயதுதான் இருக்கும். உடனே ஜெபம் தொடங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

யூதப் பெண்களே இதைப் பற்றி என்ன பேசியிருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகர்:
சகோதரி, ஹென்ரியெட்டா சோல்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரபி, அதாவது யூத மதகுரு, ஒருவரின் மகள். அந்த வீட்டில் பிறந்த எட்டும் பெண். 1916இல் அவர் அம்மா இறந்தபோது நண்பர் ஒருவர், உங்களுக்குப் பதில் நான் கதீஷ் சொல்கிறேன் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். சோல்ட் நன்றி சொல்லி, மறுத்துக் கடிதம் எழுதினார். பெற்றவர் சமூகத்தோடு வைத்திருந்த உறவை இனி நான் ஏற்கிறேன் என்று பிள்ளை ஊரறியச் சொல்வதுதான் கதீஷ், அதை எனக்காக இன்னொருவர் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அப்பா இறந்தபோதும் மகள்களின் இடத்தில் வேறு யாரும் நிற்க அம்மா விடவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். மரபை அவர் உதறவில்லை, கதீஷுக்கு என்ன பொருள் என்று தானே சொல்கிறார். அதனால்தான் அந்தக் கடிதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

1979இல் எழுத்தாளர் சிந்தியா ஓசிக் எழுதினார்: வெளியுலகில் நான் யூதர்தான், ஆனால் ஜெப ஆலயத்தில் ரபி ‘யூதர்’ என்று சொன்னால் அது என்னைக் குறிக்காது. அவரைப் பொறுத்தவரை இது நடைமுறையில் நேர்ந்த அநீதி, திருத்திவிடலாம். யூதப் பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ ஒப்புக்கொள்ளவில்லை. கோளாறு அடித்தளத்திலேயே இருக்கிறது என்றார். யாத்திராகமம் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீனாய் மலையடியில் உடன்படிக்கைக்கு ஆயத்தமாகும் மக்களிடம், பெண்ணோடு சேராதிருங்கள் என்கிறார் மோசே. அப்படியானால் அந்த ‘மக்கள்’ யார்? பெண்களும் அங்கேதானே நின்றிருப்பார்கள்? இந்த வசனத்தைத் தமிழ் பைபிளில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். பிளாஸ்கோவைப் படிக்கும்வரை இது என் கண்ணில் படவே இல்லை.

ஒலிவமரம்:
எல்லா ஜெப ஆலயத்திலும் இப்படி இல்லை. யூதர்களில் சீர்திருத்தப் பிரிவில் பெண்களையும் எண்ணுவார்கள். கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 1973இல் அதற்கு அனுமதி கொடுத்தது. மரபை இறுகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் தரப்பு விளக்கம் வேறு. நேரம் குறித்த கடமைகள் பலவற்றில் பெண்களுக்கு விலக்கு உண்டு, கடமை உள்ளவரைத்தான் எண்ணுவோம் என்பார்கள்.

அதற்காக அந்தப் பெண்கள் வாய்மூடி இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் நான்கு வருடம் ஜெருசலேமில் இருந்தேன். வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் தேநீரோடு தால்முத்தை, அதாவது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பை, விரித்துவிடுவார். தினம் ஒரு ஏடு, மொத்தம் 2,711 ஏடுகள், முடிக்க ஏழரை வருடம். 2020 ஜனவரியில் அதை முடித்ததைக் கொண்டாட ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே அரங்கில் கூடினார்கள். ஆர்த்தடாக்ஸ் சிந்தனையாளர் தமார் ரோஸ், இறைவெளிப்பாடு சீனாயோடு முடிந்துவிடவில்லை, காலந்தோறும் விரிகிறது, பெண்களின் குரலும் அதில் சேரும் என்கிறார். ஹலாக்கா என்ற யூதச் சட்டத்துக்குள் நின்றே பேசுவதால் எனக்கு இவர் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

நூலகர்:
ரோஸை நானும் மதிக்கிறேன். ஆனால் விலக்கு என்ற சொல்லை அவ்வளவு எளிதாக என்னால் விட முடியவில்லை. அந்தச் சட்டங்களில் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளும் ஒரே வரிசையில் வருவதை யூதப் பெண்ணியர் ரேச்சல் ஆட்லர் 1971இலேயே எழுதிவிட்டார். தினமும் வந்து உட்காரும் ஒரு மகளிடம், உங்களுக்குக் கடமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

எடிசன்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று காரில் அந்த அம்மாவிடம் சோல்டைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடிதத்தை அவர் கல்லூரி நாளிலேயே படித்திருக்கிறார். பெண்களை எண்ணும் ஆலயம் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று கேட்டேன். “அப்பா நாற்பது வருடம் உட்கார்ந்த இடம் இது, நான் ஏன் போக வேண்டும்?” என்றார். நேற்று பதினொரு ஆண்கள் வந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்று, திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சத்தமாகவே கதீஷ் சொன்னார். அங்கிருந்து ‘ஆமென்’ வந்தது.